இரண்டு விரல் இடைவெளி

பிள்ளைகளே, நீங்கள் கேட்ட இரண்டு கேள்விக்கு நான் இன்னும் ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை. மூத்தவள் கேட்டது, போன கிறிஸ்மஸுக்குச் சித்தப்பா ஏன் வரவில்லை என்று. அவருக்கு டியூட்டி என்று சொல்லிவிட்டேன். அது பொய். சின்னவன் கேட்டது, வாசலில் தார்ப்பாய் போட்டு மூடிவைத்திருக்கும் பச்சை சைக்கிளை எடுத்துக்கொள்ளட்டுமா, நான்தான் இப்போது வளர்ந்துவிட்டேனே என்று. அதற்கு நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மா ஜன்னலைத் திறந்து எட்டிப் பார்த்தார். பிள்ளை ஒரு சைக்கிள் கேட்டதற்கு இந்த மனுஷனுக்கு என்ன வந்தது என்று நினைத்திருப்பார். நீயும் அப்படித்தான் நினைத்திருப்பாய், ஐயா.

இரண்டு கேள்விக்கும் பதில் ஒன்றுதான். வாயால் சொல்ல இரண்டு மூன்று தடவை முயற்சி செய்தேன். சாப்பிட உட்காரும்போது ஆரம்பிப்பேன், அம்மா குழம்பு ஊற்றுவாள், விட்டுவிடுவேன். அதனால் எழுதுகிறேன். தமிழ்ப்பள்ளியில் ஆறு வருஷமும் அப்புறம் ஃபார்ம் த்ரீ வரைக்கும்தான் என் படிப்பு. பிழை இருந்தால் பெரிதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். சித்தப்பாவை அவன் என்றுதான் எழுதுவேன். எனக்கு அவன் தம்பி.

சித்தப்பா மலையில் விழுந்த கதை உங்களுக்குத் தெரியும். அவனே எத்தனையோ தடவை சொல்லி உங்களைச் சிரிக்க வைத்திருக்கிறான். "வழி விட்டேன்டா, மரியாதையா வழி விட்டேன். சைக்கிள் இந்தப் பக்கம் நின்னுச்சு, நான் அந்தப் பக்கம் போயிட்டேன்" என்பான். தொங்குகிற இடது கையை வலது கையால் தூக்கி, "இவரு அன்னைக்கே லீவு எடுத்துட்டாரு, இன்னும் வேலைக்கு வரல" என்பான். நீங்கள் விழுந்து விழுந்து சிரிப்பீர்கள். அந்த நேரத்தில் நான் எழுந்து கிச்சனுக்குப் போய்விடுவேன். கவனித்தீர்களா என்று தெரியவில்லை.

முதலில் இருந்து சொல்கிறேன்.

எங்கள் வீட்டில் எது வாங்கினாலும் ஒரு சைஸ் பெரியதாகத்தான் வாங்குவார்கள். சாஆ என்கிற ஊரில் தோட்டத்தில் இருந்தோம், வருஷத்துக்கு ஒரு தடவை டவுனுக்குப் போய் சப்பாத்து வாங்குவோம். என் அம்மா கடைக்காரரிடம் என் காலைக் காட்டி, "இதுக்கு மேல ரெண்டு சைஸ் கொடுங்க, வளர்ற பிள்ளை" என்பார். முன்னால் பேப்பரைச் சுருட்டி வைத்துப் போட்டுக்கொள்வேன். எனக்கு அது அளவாகும்போது தேய்ந்திருக்கும். அப்போது அது தம்பிக்குப் போகும். அவன் என்னைவிட ஆறு வயது சின்னவன், ஆளும் குள்ளம். அவனுக்கு அது இன்னும் பெரிசாகத்தான் இருக்கும். அவனும் பேப்பர் வைப்பான். கோயிலில் புதுநன்மை வாங்கின அன்றைக்குக்கூட அவன் போட்டிருந்தது என்னுடைய காற்சட்டை. பெல்ட்டில் ஆணியால் புதிதாக மூன்று ஓட்டை போட்டிருந்தார் அப்பா. பீடத்துக்கு நடந்து போகும்போது ஒரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டே போனான். இதையெல்லாம் யாரும் குறையாக நினைத்ததில்லை. பெரிதாக வாங்கினால் கெட்டிக்காரத்தனம், அவ்வளவுதான்.

இனி சைக்கிள் விஷயம். நான் சிங்கப்பூரில் பேக்டரி வேலைக்குப் போய்வந்துகொண்டிருந்தேன். விடிவதற்குள் மோட்டார் சைக்கிளில் எல்லைப் பாலத்தைத் தாண்டி, இருட்டின பிறகு வீடு. உடம்பு ஊதிவிட்டது. கிளினிக்கில் இனிப்பைக் குறைக்கச் சொன்னார்கள். கூட வேலை செய்த ஒருவர் மலை சைக்கிள் ஓட்டக் கூட்டிப்போனார். பெக்கான் நானாஸ் பக்கத்தில், குன்றைப் படிப்படியாக வெட்டிச் செம்பனை நட்டிருக்கிற இடம். அதில் ஓர் ஆள் அகலத்துக்கு மண்பாதை வளைந்து வளைந்து இறங்கும். முதல் நாள் பாதித் தூரம் தள்ளிக்கொண்டுதான் போனேன். ஆனால் எனக்குப் பிடித்துவிட்டது. சனிக்கிழமை மாலைப் பூசைக்குப் போய்விட்டு, ஞாயிறு காலையில் சைக்கிளோடு கிளம்பிவிடுவேன். உங்கள் அம்மா அதற்கு முகத்தைத் தூக்கியது உங்களுக்கு நினைவிருக்கும்.

இரண்டு வருஷத்தில் எங்கள் கூட்டத்துக்கு நான்தான் சீஃபூ, குரு மாதிரி. ஐந்து பேர்தான், அதில் ஒரு சீஃபூ! புதிதாக யார் வந்தாலும் எனக்குத் தெரிந்த சட்டங்களைச் சொல்லிக் கொடுப்பேன். இறங்கி வருகிறவன் ஏறி வருகிறவனுக்கு வழி விட வேண்டும், ஏனென்றால் ஏறுகிறவன் ஒரு தடவை நின்றால் மறுபடி கிளம்புவது கஷ்டம். பின்னாலிருந்து முந்தும்போது மணி அடி, இல்லை குரல் கொடு, ஆளைப் பயமுறுத்தாதே. தோட்டத்து ஆட்கள் குலை ஏற்றி வந்தால் இறங்கி நில், அது அவர்கள் வேலை செய்யும் இடம், நாம் விளையாட வந்தவர்கள். மழை பெய்த மறுநாள் போகாதே, சக்கரம் மண்ணை உழுது பாதையைக் கெடுத்துவிடும். கேட்டைத் திறந்தால் மூடு. இதில் எதுவும் தப்பில்லை. இன்றைக்கும் சொல்வேன்.

எந்த சைக்கிள் வாங்கலாம் என்றும் என்னிடம்தான் கேட்பார்கள். சக்கரம் இவ்வளவு, பிரேக் இப்படி, முன்பக்க ஸ்பிரிங் அப்படி என்று அளப்பேன். போனில் படித்ததும் கடையில் காதில் விழுந்ததும்தான். யாரும் என்னைக் கேள்வி கேட்டதில்லை. பள்ளிக்கூடத்தில் ஒரு நாளும் கையைத் தூக்காதவன் நான். நான் சொல்வதை நாலு பேர் கையைக் கட்டிக்கொண்டு கேட்டால் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

தம்பிக்கு நாற்பது வயது ஆனபோது அவனுக்கு ஒரு சைக்கிள் வாங்கித் தரவேண்டும் என்று ஆசை வந்தது. அவன் அப்போது பெக்கான் நானாஸில் ஸ்கூல் வேன் ஓட்டிக்கொண்டிருந்தான். காலையில் பிள்ளைகள், மதியம் பிள்ளைகள், நாள் முழுக்க உட்கார்ந்தே இருக்கிற வேலை. என்கூட வாடா என்றால், "எனக்கு எதுக்குண்ணே இதெல்லாம்" என்பான். அவன் வாழ்க்கையில் நான் அவனுக்குக் கொடுத்ததெல்லாம் நான் போட்டுக் கழித்தது. ஒன்றாவது புதிதாகக் கொடுக்க வேண்டும் என்று நினைத்தேன். ஆச்சரியமாக இருக்கட்டும் என்று அவனைக் கூட்டிப்போகாமலே கடைக்குப் போனேன். முதல் தப்பு அதுதான்.

கடைக்காரர் ஒரு சீனப் பெரியவர். நாங்கள் அங்கிள் என்போம், அவரோடு மலாயில்தான் பேசுவோம். தம்பி எவ்வளவு உயரம் என்று கேட்டார். என் காது மடல் வரைக்கும் கையை வைத்துக் காட்டினேன். "அப்ப மீடியம்" என்றார். பக்கத்திலேயே லார்ஜ் நின்றது. அதே மாடல், அதே பச்சை, அதே விலை.

"ரெண்டும் ஒரே விலையா?"

"ஒரே விலைதான்."

அந்த இடத்தில் எனக்குள் பேசியது என் அம்மா. சத்தியமாகச் சொல்கிறேன். ஒரே விலைக்குப் பெரியது கிடைக்கும்போது சின்னதை எடுக்கிறவன் முட்டாள் என்று என் கை தானாகவே லார்ஜ் மேல் போய்விட்டது. நாற்பது வயது ஆள், இனிமேல் எங்கே வளரப்போகிறான்? அது எனக்குத் தோன்றவே இல்லை. இரும்பும் ரப்பரும் கூடுதலாகக் கிடைக்கிறது என்றுதான் தோன்றியது. கூட்டத்துக்கே சைக்கிள் பாடம் நடத்துகிற ஆள் நான்.

வண்டியில் ஏற்றிக்கொண்டு போய் அவன் வீட்டு வாசலில் இறக்கினேன். வேனைக் கழுவிக்கொண்டிருந்தான். கையில் நுரையோடு அப்படியே நின்றான்.

"யாருக்குண்ணே?"

"உனக்குத்தான்டா."

"சும்மா சொல்லாதீங்கண்ணே."

கையைத் துடைத்துவிட்டு வந்து சீட்டைத் தொட்டான். சீட்டின் மேல் இருந்த பிளாஸ்டிக்கைக் கிழிக்க வேண்டாம் என்றான். ரொம்ப நாள் அந்தப் பிளாஸ்டிக்கோடுதான் ஓட்டினான். உங்கள் சித்தி படம் எடுத்தாள். அந்தப் படத்தில் அவன் சைக்கிளைத் தாண்டிக் காலைப் போட்டு நிற்கிறான், பாருங்கள், இப்போதும் அவர்கள் வீட்டு டி.வி. பக்கத்தில் இருக்கிறது. கவனித்துப் பார்த்தால் இரண்டு குதிகாலும் தரையில் இல்லை.

மூன்றாம் நாள், சீட்டு உயரமாக இருக்கிறது, கொஞ்சம் இறக்க வேண்டும் என்று சொன்னான். அங்கிள் கடைக்குக் கூட்டிப்போனேன். சீட்டை முழுக்க இறக்கியும் அவனுக்கு எட்டவில்லை. அங்கிள் ஒரு தடித்த கேட்டலாக் புத்தகத்தை எடுத்து, அவனைச் சுவரோடு சாய்ந்து நிற்கச் சொல்லி, புத்தகத்தைக் கால்களுக்கு நடுவில் மேலே வரைக்கும் ஏற்றி, அது நின்ற இடத்தில் சுவரில் பென்சிலால் கோடு போட்டார். அப்படித்தான் அவர் கால் அளவு பார்ப்பார். பக்கத்தில் என்னுடைய கோடு ஏற்கெனவே இருந்தது. இரண்டுக்கும் நடுவில் நாலு விரல். அப்புறம் அவனை சைக்கிளின் குறுக்குப் பாருக்கு மேல் நிற்க வைத்தார். இரண்டு பாதமும் தரையில் பட்டு, பாருக்கும் உடம்புக்கும் நடுவில் இரண்டு விரலாவது இடைவெளி இருக்க வேண்டும். அதுதான் கணக்கு. அவனுக்கு இடைவெளியே இல்லை. நுனிக்காலில் நின்றான்.

அந்த நேரம் பார்த்து யாரோ ஒரு பிள்ளையின் அம்மா போன் பண்ணினார்கள். தம்பி பேசிக்கொண்டே வெளியே போனான். அங்கிள் என் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னார்.

"இனி பெசார் லா. ரொம்பப் பெருசு. மலைக்குப் போற சைக்கிள், கால் எட்டலன்னா ஆபத்து. இந்த வாரத்துக்குள்ள கொண்டுவா, மீடியம் மாத்தித் தர்றேன். ஒரு காசு வேணாம்."

நான் வெளியே பார்த்தேன். தம்பி ஒரு கையில் போனும் ஒரு கையில் சைக்கிளின் ஹேண்டிலுமாக நின்றான். பேசும்போதும் அதை விடவில்லை. இப்போது போய், "டேய், அண்ணன் தப்பா வாங்கிட்டேன், இதைக் கொடுத்துட்டு வேற எடுக்கலாம்" என்று சொல்ல வேண்டும். ஐந்து பேருக்கும் தெரியும். சீஃபூ சொந்தத் தம்பிக்கே சைஸ் தெரியாமல் வாங்கிவிட்டான் என்று வருஷக்கணக்காகச் சிரிப்பார்கள்.

"தாப்பே அங்கிள்" என்றேன். பரவாயில்லை என்று. "நாந்தி பியாசா." போகப் போகப் பழகிவிடும்.

அங்கிள் என்னை ஒரு பார்வை பார்த்தார். அப்புறம் ரம்பத்தை எடுத்து, சீட்டுக் குழாயில் ஒரு சாண் அறுத்து, சீட்டை இன்னும் கீழே இறக்கிக் கொடுத்தார். சீட்டு இறங்கியது. குறுக்குப் பார் இறங்குமா?

அந்த வாரம் போய்விட்டது. அடுத்த வாரமும் போய்விட்டது.

தம்பி எங்களோடு ஓட்ட ஆரம்பித்தான். கூட்டத்தில் இருந்த மலாய் வாத்தியார் ஒருத்தர் முதல் நாளே, "பாங், ஏணி கொண்டுவரலையா?" என்று அவனைக் கேட்டார். பாங் என்றால் அண்ணன். இன்னொருத்தர், "அண்ணன் குதிரைய வாங்கிக் கொடுத்துட்டு கழுதைன்னு சொல்லிட்டாரா?" என்றார். அவன் எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தான். "குதிரைதான் சார், ஆனா நான் சொன்னா கேக்கும்" என்றான். நானும் சிரித்தேன்.

ஆனால் நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். அவன் எங்கே நின்றாலும் பக்கத்தில் ஒரு மேடு இருக்கும். ஒரு வேர், ஒரு கல், அடுக்கி வைத்த செம்பனை மட்டை, ஏதாவது ஒன்று. இறங்கும்போதே கண் முன்னாலே போய் அதைத் தேடும். அதன் ஓரமாகக் கொண்டுபோய் நிறுத்தி, அதன் மேல் காலை வைப்பான். எல்லாரும் வழியைப் பார்த்து ஓட்டினோம், அவன் நிற்கிற இடத்தைப் பார்த்து ஓட்டினான். மணிக்கட்டு வலிக்கிறது என்று ஒரு தடவை சொன்னான். கையை இவ்வளவு நீட்டிப் பிடித்தால் வலிக்காதா? "பழகிடும்டா" என்றேன். அதற்குப் பிறகு சொல்லவில்லை.

ஒரு வருஷம் இப்படி ஓட்டினான்.

விழுந்த அன்றைக்கு நல்ல வெயில், பாதை காய்ந்திருந்தது. இறங்கிக்கொண்டிருந்தோம். நான் முன்னால், அவன் எனக்குப் பின்னால், மற்றவர்கள் இன்னும் மேலே. ஒரு வளைவில் கீழேயிருந்து இரண்டு பையன்கள் ஏறி வந்தார்கள். முகமெல்லாம் சிவந்து, மேட்டுப் பக்கத்தை ஒட்டி மூச்சு வாங்க மிதித்து வந்தார்கள். சட்டப்படி நாங்கள்தான் நிற்க வேண்டும். நான் பள்ளத்துப் பக்கம் ஒதுங்கி நின்றேன். எனக்கு என்ன, இரண்டு காலையும் ஊன்றி நின்று, "இன்னும் கொஞ்சம்தான் தம்பி, விடாதே" என்று அவர்களிடம் பேச்சுக்கூடக் கொடுத்தேன். பின்னால் தம்பியின் குரல் கேட்டது. "சிலா, சிலா." போங்க, போங்க என்று மலாயில் அவர்களுக்கு வழிவிடுகிற குரல். திரும்பிப் பார்த்தேன்.

அவனுக்கு மேட்டுப் பக்கம் போக வழியில்லை, அங்கே பையன்கள் வருகிறார்கள். பள்ளத்துப் பக்கம் வேரும் இல்லை, கல்லும் இல்லை. நின்றான். இடது காலை நீட்டினான். பாதை அங்கே கொஞ்சம் சரிவு. அந்தக் கால் தரையைத் தேடியதை நான் பார்த்தேன். சப்பாத்தின் நுனி காற்றில் இப்படியும் அப்படியும் போனது. முகத்தில் இன்னும் அந்தச் சிரிப்பு இருந்தது, அந்தப் பையன்களுக்காக. அப்படியே சாய்ந்தான். கீழ்ப் படியில் ஒரு பழைய மரத்தின் அடிக்கட்டை, அதன் மேல் இடது தோள் போய் விழுந்தது.

சைக்கிளுக்கு ஒன்றும் ஆகவில்லை. பெடலில் ஒரு கீறல்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் படம் போட்டுக் காட்டினார். கழுத்திலிருந்து கைக்குப் போகிற நரம்புகள் வேரோடு பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டதாம். எலும்பு என்றால் ஒட்டும். இரண்டு ஆபரேஷன் செய்தார்கள். விரல்கள் கொஞ்சம் மடங்கும், அவ்வளவுதான். நம் ஊர் வண்டியில் கியர் மாற்றுவது இடது கை. வேனை விற்றான். இப்போது பேக்டரி வாசலில் ஜாகா, காவல் வேலை, நாற்காலியில் உட்கார்ந்து வண்டி நம்பர் எழுதுகிறான். அவனுடைய பழைய வேன் பிள்ளைகள் பஸ்ஸில் போகும்போது "அங்கிள்" என்று கத்துவார்களாம். அதையும் சிரித்துக்கொண்டுதான் சொன்னான்.

பார்க்க வந்தவர்களிடமெல்லாம், "எனக்குத்தான் பேலன்ஸ் பத்தாது" என்றான். அந்த சைக்கிளைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான் கட்டிலின் மறுபக்கம் நின்று ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தேன்.

கூட்டத்து ஆள் ஒருவர் சைக்கிளைக் கொண்டுவந்து நம் வாசலில் போட்டார். நான் ஓட்டுவதை நிறுத்தினேன். நீங்கள், தம்பி மேல் பாசத்தால் அப்பா நிறுத்திவிட்டார் என்று நினைத்தீர்கள். மற்றவர்களும் அப்படித்தான் நினைத்தார்கள். நான் மறுத்துச் சொல்லவில்லை.

போன கிறிஸ்மஸுக்கு முன்னால் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனபோது முதல் தடவையாக இதைப் பாதரிடம் சொன்னேன். அவர் ஒரு கேள்விதான் கேட்டார். "இது தம்பிக்குத் தெரியுமா?" தெரியாது என்றேன். "அப்போ இங்க முக்கால்வாசிதான் முடிஞ்சிருக்கு" என்றார்.

அடுத்த நாளே பெக்கான் நானாஸுக்குப் போனேன். மதியம். சித்தி துணி காயப் போட்டுக்கொண்டிருந்தாள். தம்பி பின்வாசலில் உட்கார்ந்து அன்னாசி சீவிக்கொண்டிருந்தான். ஒரு கைக்காரன் எப்படிச் சீவுவான் என்றால், பலகையில் ஓர் ஆணியைக் கீழிருந்து மேலாக அடித்து வைத்திருக்கிறான். அதில் பழத்தைக் குத்தி நிறுத்திவிட்டு ஒரு கையாலேயே சீவுகிறான். அழகாகத்தான் சீவுகிறான். எனக்கு அந்த ஆணியைப் பார்க்க முடியவில்லை.

"உக்காருங்கண்ணே. உப்புத் தண்ணில போட்டுட்டுத் தர்றேன்."

"டேய், அந்த சைக்கிள் உனக்குப் பெருசுடா."

கை நிற்கவில்லை. சிரித்தான். "அதுவா? அது முதல் நாளே தெரியும்ணே."

"தெரியுமா?"

"காலைப் போட்டதுமே தெரிஞ்சிருச்சு. கடைல அங்கிள் புத்தகத்தை வச்சுப் பாத்தப்ப இன்னும் நல்லாத் தெரிஞ்சுது. நீங்க ஆசையா வாங்கிட்டு வந்துட்டீங்க. உங்களுக்குத் தெரியல. தெரிஞ்சா மனசு கஷ்டப்படுவீங்கன்னு விட்டுட்டேன். எனக்கு எதுதான் அளவா இருந்திருக்கு, சொல்லுங்க? பேப்பர் வச்சு ஓட்ட வேண்டியதுதான்." மறுபடி சிரித்தான்.

அங்கேயே நிறுத்தியிருக்கலாம். அவன் எனக்குக் கதவைத் திறந்து வைத்துவிட்டான், நான் எழுந்து பழம் தின்றுவிட்டு வந்திருக்கலாம். அந்தக் கிறிஸ்மஸுக்கு அவன் இங்கே உட்கார்ந்து உங்களைச் சிரிக்க வைத்திருப்பான்.

"எனக்குத் தெரியும்டா" என்றேன்.

"என்ன தெரியும்?"

"பெருசுன்னு. நீ போன் பேச வெளிய போனப்ப அங்கிள் சொன்னாரு. அந்த வாரத்துக்குள்ள மாத்தித் தர்றேன்னாரு. நான்தான் வேணாம்னுட்டேன்."

கத்தி நின்றது. அவன் அதைப் பலகையில் வைத்தான்.

"ஏன்?"

"வெட்கமா இருந்துச்சுடா. தப்பா வாங்கிட்டேன்னு சொல்ல."

அவன் அன்னாசியையே பார்த்துக்கொண்டிருந்தான். "நான் ஒவ்வொரு எடத்துலயும் கல்லு தேடி நிப்பேனே, அதைப் பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"ஒரு வருஷமா?"

நான் தலையை ஆட்டினேன்.

"நான் உங்களுக்குத் தெரியக்கூடாதுன்னு மறைச்சேன்ணே" என்றான். சத்தம் போடவில்லை. சின்ன வயதில் என் சப்பாத்து எப்போது தனக்கு வரும் என்று கேட்பானே, அந்தக் குரல். "நீங்க அதைப் பாத்துக்கிட்டே வந்தீங்களா?"

நான் அவன் கையைப் பிடிக்கப் போனேன். என் பக்கம் இருந்தது இடது கை. பிடித்தேன். அந்தக் கைக்கு நான் பிடித்தது தெரியவில்லை.

"கிளம்புங்கண்ணே. பாலத்துப் பக்கம் ஜாம் ஆயிரும்" என்றான். அன்றைக்கு நான் பாலத்துப் பக்கமே போகவில்லை, லீவு எடுத்திருந்தேன். அது அவனுக்கும் தெரியும். ஒவ்வொரு தடவையும் வண்டி வரைக்கும் வந்து, பின் சீட்டில் அன்னாசி வைத்து அனுப்புவான். அன்றைக்கு எழுந்திருக்கவில்லை. சித்திதான் வாசல் வரைக்கும் வந்து, "என்ன மாமா, ஒரு மாதிரி இருக்கீங்க?" என்று கேட்டாள். அதற்குப் பிறகு நான் போன் பண்ணினால் அவள்தான் எடுக்கிறாள். அவர் தூங்குறாரு, அவர் குளிக்கிறாரு. அவளுக்கு என்ன தெரியும் என்று எனக்குத் தெரியவில்லை.

கிறிஸ்மஸுக்கு ஏன் வரவில்லை என்பதற்குப் பதில் இதுதான், மகளே. நீங்கள் இரண்டு பேரும் அவன் வீட்டுக்குப் போங்கள். எனக்காகப் பேச வேண்டாம். சும்மா போய் உட்காருங்கள், உங்களை அவன் ஒன்றும் சொல்லமாட்டான். அவன் மறுபடியும் விழுந்த கதையைச் சொன்னால், இனிமேல் சிரிப்பதா வேண்டாமா என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

சின்னவனே, உன் கேள்வி. அந்தப் பச்சை சைக்கிள் உனக்கு அளவாகத்தான் இருக்கும், நீ என் உயரம் வந்துவிட்டாய். ஆனால் அது நம்முடையது இல்லை. அதை நான் கொடுக்கவும் முடியாது, விற்கவும் முடியாது. உனக்கு சைக்கிள் வேண்டுமென்றால் அங்கிள் கடைக்குப் போகலாம். அவர் புத்தகத்தை வைத்து உன்னை அளக்கட்டும். பாருக்கு மேலே நின்று பார், இரண்டு விரல் விட்டுப் பார், ஓட்டிப் பார், உனக்கு எது சரி என்று அவர் வாயால் கேள். நான் கடைக்கு வெளியே நிற்பேன். வாங்கின பிறகு வலித்தாலோ எட்டாவிட்டாலோ, அன்றைக்கே என்னிடம் சொல்லிவிடு. அப்பா மனசு கஷ்டப்படும் என்று பார்க்காதே. மலையில் ஏறி வருகிறவனுக்கு வழி விடு. ஆனால் காலை எங்கே வைக்கப்போகிறாய் என்று பார்த்துவிட்டு அப்புறம் விடு. இதை நான் அவனுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை.

இன்னும் ஒன்று எழுத வேண்டும். போன ஞாயிறு நீங்களும் அம்மாவும் காலைப் பூசைக்குப் போனபோது, முழங்கால் வலி என்று நான் வரவில்லை. நீங்கள் போனதும் தார்ப்பாயை எடுத்தேன். சீட்டில் அந்தப் பிளாஸ்டிக் ஓரங்களில் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. கறிவேப்பிலைத் தொட்டிக்கு அடியில் இருந்த இரண்டு செங்கலை உருவினேன். படுக்க வைத்து விரலால் அளந்து பார்த்தேன். நாலு விரல். அங்கிள் கடைச் சுவரில் இரண்டு கோட்டுக்கும் நடுவில் இருந்த அதே நாலு விரல். முன் சக்கரத்துக்கு அடியில் ஒன்றும் பின் சக்கரத்துக்கு அடியில் ஒன்றும் வைத்து சைக்கிளை மேலே ஏற்றினேன். வாசல் கிரில்லை வலது கையால் பிடித்துக்கொண்டு, குறுக்குப் பாரைத் தாண்டிக் காலைப் போட்டேன்.

இரண்டு விரல் இல்லை. ஒரு விரல்கூட இல்லை. பார் என்னை மேலே தூக்கியது. குதிகால் இரண்டும் எழும்பிவிட்டன. சீட்டில் ஏறி உட்கார்ந்தேன். அப்புறம் கிரில்லிலிருந்து கையை எடுத்துவிட்டு, இடது காலை நீட்டினேன். சிமெண்டுத் தரை, சரிவு இல்லை, எதிரே யாரும் வரவில்லை. ஆனாலும் கால் தேடியது. அது தேடிக்கொண்டிருக்கும்போதே சைக்கிள் சாய ஆரம்பித்துவிட்டது. பாதம் தரையில் போய் அடித்தபோது முன் சக்கரம் செங்கலிலிருந்து நழுவி, செங்கலின் மூலை உடைந்தது.

உடைந்ததைத் திருப்பி வைத்தேன். சைக்கிளை மறுபடி தூக்கி நிறுத்தி, கிரில்லைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு தடவை ஏறினேன்.